பழைய டிராக்டரில் புகைக் கசிவு: பேஸ்ட்டா, கட்டுத்துணியா, கேஸ்கட்டா?

புகைக் கசிவை அடைக்க விற்கும் டப்பாக்கள் எல்லாவற்றிலும் ஒரு பெரிய எண் அச்சடித்திருக்கும்: 1000 டிகிரி தாங்கும், 1100 டிகிரி தாங்கும். எண்ணில் பொய் இல்லை. டீசல் டிராக்டரின் மேனிஃபோல்டுக்குள் (சிலிண்டர்களின் புகையைச் சேர்த்துப் பைப்புக்கு அனுப்பும் வார்ப்பு) முழுப் பாரத்தில் ஓடும் புகையே பெரும்பாலும் 500 முதல் 650 டிகிரி செல்சியஸ்தான். அப்படியிருந்தும் பூசிய பேஸ்ட் நாலு உழவுக்குள் பொடிந்து உதிர்கிறதே, ஏன்? அசைவு. அதைப் பற்றி மட்டும் டப்பாவில் ஒரு வரியும் இருக்காது.

கணக்கு எளிது. வார்ப்பிரும்பு ஒவ்வொரு டிகிரிக்கும் மீட்டருக்கு சுமார் 0.011 மி.மீ. நீளும். 500 மி.மீ. நீளமுள்ள மேனிஃபோல்டு 400 டிகிரி சூடேறினால் 2.2 மி.மீ. வளர்கிறது. அதைத் தாங்கிப் பிடிக்கும் ஹெட் (சிலிண்டர்களின் மேல் மூடி) தண்ணீரால் குளிர்வதால் 70 டிகிரிதான் ஏறுகிறது, வளர்ச்சி 0.4 மி.மீ. ஆக ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்து நிறுத்தும்போதும் இரண்டுக்கும் நடுவில் ஏறக்குறைய 2 மி.மீ. இழுபறி. கல் போல இறுகும் எந்தப் பூச்சும் இந்த இழுபறியில் பிழைக்காது. அதனால் எந்தச் சரக்கு நல்லது என்று கேட்பதற்கு முன்னால் எங்கே கசிகிறது, அந்த இடம் அசைகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

கசியும் இடம்

என்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து முதல் ஒரு நிமிடம் கவனித்தால் போதும். ‘டிக் டிக்’ என்று வால்வு தட்டுவது போல ஒரு சத்தம் வந்து, சூடேறியதும் தானாக அடங்கினால் அது மேனிஃபோல்டு கேஸ்கட் (மேனிஃபோல்டுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் அடைப்புக்கு வைக்கும் தகடு) அல்லது விரிசல். இரும்பு விரிந்து இடைவெளியை மூடிக்கொள்கிறது. சூடான பிறகும் அதே ‘புஸ் புஸ்’ என்றால் பைப் அல்லது சைலன்சர் பக்கம். ஒரு மீட்டர் ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையை மூட்டு மூட்டாக நகர்த்தினால் இடம் பிடிபடும். ஃபேன் பெல்ட் பக்கம் குழாயையோ சட்டைக் கையையோ கொண்டுபோகக் கூடாது. கொட்டகைக் கதவைத் திறந்து வைத்துத்தான் இதைச் செய்ய வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

என்ஜினை ஓட்டாமலே பார்க்க இன்னும் நல்ல வழி, வாக்குவம் கிளீனரின் காற்று வெளியே தள்ளும் வாயை சைலன்சர் வாயில் துணி சுற்றிச் செருகி, எல்லா மூட்டிலும் சோப்புத் தண்ணீர் தெளிப்பது. ஊசித் துளை கூட நுரைத்துக் காட்டிக்கொடுத்துவிடும். வால்வு திறந்து நிற்கும் சிலிண்டர் வழியே கொஞ்சம் காற்று ஏர் கிளீனர் பக்கம் போகும். அதைக் கசிவுக் கணக்கில் சேர்க்க வேண்டாம். சைலன்சரின் அடியில் நீர் வடிய விட்ட சிறு துளை இருந்தால் அதையும் அடைக்கக் கூடாது.

மூட்டில் உலர்ந்த கரிக்கோடு இருந்தால் அது கசிவின் தடம். கருப்பு எண்ணெய் போல ஈரமாக வழிந்திருந்தால் கேஸ்கட் மாற்றியும் மறுபடி வரலாம். பாரமில்லாமல் மணிக்கணக்கில் ஐடிலில் நிற்கும் டீசல் என்ஜின், எரியாத டீசலையும் எண்ணெயையும் வெளியே தள்ளுவதன் அடையாளம் அது.

டப்பாப் பேஸ்ட்

கன் கம் போன்ற சைலன்சர் பேஸ்ட்டுகள் பெரும்பாலும் சோடியம் சிலிகேட் கரைசலில் களிமண் வகைப் பொடியும் நாரும் கலந்தவை. தண்ணீர் வெளியேறும்போது கண்ணாடி போல இறுகும். பைப்புக்குள் பைப் நுழையும் மூட்டில் இதற்கு இணை இல்லை: உள் பைப்பின் வெளிப்புறம் 2 மி.மீ. கனத்துக்குப் பூசி, செருகி, கிளாம்ப்பை இறுக்கிவிட்டால் வருடக்கணக்கில் நிற்கும். இரண்டு இரும்புகளுக்கு நடுவே அழுந்தி இருப்பதால் அங்கே அது உதிர வழியில்லை. அதே பேஸ்ட்டை மேனிஃபோல்டு விரிசல் மேல் வெளியே அப்பினால் பண விரயம்.

பேஸ்ட் தோற்பதில் பாதி அவசரத்தால். பூசிய கையோடு என்ஜினை முறுக்கினால் உள்ளே இருக்கும் தண்ணீர் கொதித்துக் குமிழியிட்டு, பூச்சு தேன்கூடு போல ஓட்டை ஓட்டையாகிவிடும். துருவையும் கரியையும் வயர் பிரஷ்ஷால் எடுத்து, இடத்தைச் சற்று ஈரமாக்கி, மெல்லிய இரண்டு பூச்சாகப் போட்டு, அரை மணி முதல் சில மணி நேரம் காயவிட்டு, முதலில் ஐடிலில் பத்து நிமிடம் ஓட்டி ஆறவிட வேண்டும். வேலை ஓட்டம் அதற்கப்புறம்தான்.

இரண்டு குழாயில் வரும் எபாக்சி இரும்புப் பசைகளை இந்த வேலைக்கு யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். ஜேபி வெல்ட்டின் சாதாரண எபாக்சிக்கு நிறுவனமே சொல்லும் எல்லை 287 டிகிரி. ரேடியேட்டர் தொட்டிக்கு அருமையான பொருள்; மேனிஃபோல்டில் கரிந்து கையோடு வரும். அதே நிறுவனத்தின் எக்ஸ்ட்ரீம் ஹீட் வேறு ஜாதி, ஒற்றை டப்பாப் பேஸ்ட், உச்சமாக 1300 டிகிரி வரை என்று போட்டிருக்கிறார்கள். சூட்டுக்குப் பயமில்லை, ஆனால் அதுவும் இறுகும் பூச்சுதான், அசையும் விரிசலில் அதுவும் பிளக்கும். வார்ப்பில் உள்ள ஊசித் துளை, துரு தின்ற குழி, இப்படி அசையாத குறைகளுக்கு வாங்கலாம்.

செம்பு நிற ஆர்டிவி சிலிக்கான், அதாவது சாதாரண அறைச் சூட்டிலேயே இறுகும் சிலிக்கான் பசையைப் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். பெர்மாடெக்ஸ் அல்ட்ரா காப்பர் விட்டு விட்டு வரும் சூட்டில் 370 டிகிரி வரை என்பது அதன் கணக்கு. இறுகினாலும் ரப்பர் போல வளையும் என்பது இதன் பலம். சைலன்சருக்கு அந்தப்புறம், பைப்பின் கடைசி மூட்டில் போடலாம். ஹெட்டில் புகை வெளியேறும் வாயிலேயே போட்டால் கருகிப் பொடியாகி, போன கேஸ்கட்டோடு சேர்த்து அதையும் சுரண்டும் வேலைதான் மிஞ்சும்.

கட்டுத்துணியும் கிளாம்ப்பும்

பிசின் ஊறிய கண்ணாடி நார்க் கட்டு, நேர் பைப்பில் உள்ள ஓட்டைக்கு நல்ல தற்காலிகத் தீர்வு. அறுவடை நடுவே டிராக்டரை நிறுத்த முடியாதபோது இதுவே கைகொடுக்கும். ஓட்டைக்கு இருபுறமும் 5 செ.மீ. தள்ளியே தொடங்கி முடித்து, பாதிக்குப் பாதி மேலேறும்படி குறைந்தது மூன்று சுற்று, இழுத்துப் பிடித்துக் கட்ட வேண்டும். ஓட்டை விரல் நுழையும் அளவுக்குப் பெரிது என்றால் அடியில் ஒரு தகரத்தை வளைத்து வைத்துவிட்டுக் கட்ட வேண்டும்; இல்லாவிட்டால் புகையின் அடி நேராகத் துணியில் விழும். முதல் சூட்டில் பிசின் எரிந்து நாற்றமும் புகையும் வரும், அது இயல்பு. வளைவுகளிலும் மூட்டுகளிலும் கட்டு சரியாக உட்காருவதில்லை.

சைலன்சர் உடம்பே அரித்திருந்தால் ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார்க்கலாம். உள்ளே போனால் கட்டு, பேஸ்ட், வெல்டிங் எதுவும் வேண்டாம், புதுசு போடுங்கள். ஒரு மி.மீ. சொச்சம் கனமுள்ள துருத்தகட்டில் வெல்டிங் வைத்தால் ஓட்டை பெரிதாவதைத்தான் பார்க்க முடியும்.

கிளாம்ப் வாங்கும்போது யு-போல்ட் வகையைத் தவிர்த்துப் பட்டை வகையை எடுப்பது நல்லது. யு-போல்ட் பைப்பை நசுக்கிப் பள்ளம் விழ வைக்கும். நசுங்கிய இடத்தின் இருபுறமும் இடைவெளி, அடுத்த முறை கழற்றும்போது பைப்பை அறுக்காமல் வராது. பட்டைக் கிளாம்ப் சுற்றிலும் ஒரே சீராக அணைக்கும். மூட்டில் ஒரு பைப் மற்றதற்குள் 40 முதல் 50 மி.மீ. நுழைந்திருக்க வேண்டும். வெளிப் பைப்பில் நீளவாக்கில் வெட்டு இருந்தால் அது முழுவதும் பட்டைக்கு அடியில் வர வேண்டும். வெட்டின் நுனி வெளியே தெரிந்தால் எவ்வளவு இறுக்கினாலும் அங்கே ஊதும்.

நிமிர்ந்து நிற்கும் சைலன்சருக்குத் தாங்கு பட்டை இருக்கிறதா என்பதையும் இங்கேயே பார்த்துவிட வேண்டும். கழன்று தொலைந்துபோன அந்த ஒரு பட்டையால், முழு சைலன்சரும் நெம்புகோலாகி மேனிஃபோல்டை ஒவ்வொரு குலுக்கலிலும் ஆட்டுகிறது. வருடா வருடம் கேஸ்கட் போகும் டிராக்டர்களில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதை.

மேனிஃபோல்டு கேஸ்கட்

கிடைப்பவை முக்கியமாக மூன்று: நடுவில் எஃகுத் தகடும் இருபுறமும் கிராஃபைட் அல்லது நார்ப் பூச்சும் உள்ள கூட்டு கேஸ்கட், முழு எஃகுத் தகட்டில் விளிம்பு புடைத்தது, செம்புத் தகடு. பழைய டிராக்டருக்கு, கேஸ்கட் உட்காரும் முகம் கொஞ்சம் குழி விழுந்திருக்கும் என்பதால், எஃகு நடுத்தகடு கொண்ட கிராஃபைட் கேஸ்கட்தான் முதல் தேர்வு. துளையைச் சுற்றி உலோக வளையம் மடித்து வைத்திருந்தால் இன்னும் நல்லது. புகை நேராகக் கிராஃபைட்டை அரிக்காது. எஃகுத் தகடு வகை, புதிதாக மட்டம் தீட்டிய முகத்துக்குப் பிரமாதம். குழி உள்ள முகத்தில் முதல் நாளே ஊதும். செம்பு கேஸ்கட்டைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் மறுபடி மென்மையாகிவிடும் என்பதால் திரும்பப் பயன்படுத்தலாம். காய்ச்சாமல் போட்டால் விறைப்பாகவே இருந்து கசியும்.

ஒரு பக்கம் உலோகம், மறுபக்கம் மென்மையான பூச்சு என்று இருக்கும் கேஸ்கட்டில் உலோகப் பக்கம் மேனிஃபோல்டைப் பார்க்க வேண்டும். மேலே சொன்ன 2 மி.மீ. இழுபறியில் மேனிஃபோல்டு அந்த உலோகத்தின் மேல் வழுக்கிப் போகும். மாற்றிப் போட்டால் பூச்சைப் பிய்த்துக்கொண்டு போகும். கேஸ்கட் மேல் பேஸ்ட்டும் வேண்டாம், சிலிக்கானும் வேண்டாம். இரண்டு கேஸ்கட்டை அடுக்கிப் போடுவதும் உதவாது. கனம் கூடக் கூட அமுங்கித் தளர்வதும் கூடும்.

கேஸ்கட்டைத் தனித்தனித் துண்டாக விற்பதும் உண்டு, எல்லா வாயையும் சேர்த்து ஒரே தகடாக விற்பதும் உண்டு. நீளமான மேனிஃபோல்டுக்குத் தனித்துண்டு நல்லது. மூன்று சிலிண்டர் என்ஜின்களில், 1964 முதல் 1975 வரை வந்த மாஸி ஃபெர்கூசன் 135-இன் பெர்கின்ஸ் டீசல் போன்றவற்றில், மேனிஃபோல்டு குட்டை, கோணலும் குறைவு. எது போட்டாலும் சரியே. 1947 முதல் 1952 வரை வந்த ஃபோர்டு 8என் பெட்ரோல் டிராக்டரில் காற்று உள்ளே போகும் வழியும் புகை வெளியே வரும் வழியும் ஒரே வார்ப்பு. அங்கே கேஸ்கட் போனால் சத்தத்தோடு நிற்காது, வெளிக்காற்றை உறிஞ்சி ஐடிலும் தடுமாறும். கார்புரேட்டரைத் திருகித் திருகி நேரத்தை வீணாக்குவதற்கு முன் மூட்டில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். ஐடில் மாறினால் கேஸ்கட்.

பழைய கேஸ்கட்டை எடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. அந்தக் கால கேஸ்கட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். கிரைண்டரில் வயர் பிரஷ் போட்டு எடுப்பது, காற்றடித்துத் துடைப்பது இரண்டும் கூடாது. சோப்புத் தண்ணீரால் நனைத்து, முகக்கவசம் போட்டு, கைச் சுரண்டியால் எடுத்து, ஈரத்தோடே பையில் கட்டிப் போட வேண்டும். கடையில் பழைய கையிருப்பு என்று கிடைக்கும் செம்பு பூசிய கேஸ்கட்டுக்கும் இதே சந்தேகம் உண்டு.

அடுத்து முகத்தின் மட்டம். நேரான எஃகுப் பட்டையை மேனிஃபோல்டு முகத்தின் மேல் வைத்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்துப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்து வாய்களுக்கு இடையே 0.15 மி.மீ., முழு நீளத்துக்கு 0.25 மி.மீ.; இதைத் தாண்டினால் லேத் பட்டறையில் கொடுத்து மட்டம் தீட்டியே ஆக வேண்டும். இந்த வேலையைத் தவிர்த்துவிட்டு விலை உயர்ந்த கேஸ்கட் வாங்குகிறவர்கள்தான் ‘கேஸ்கட் தரமில்லை’ என்று எழுதுகிறார்கள். சிறு மேடு பள்ளம் என்றால் தடித்த கண்ணாடி மேல் உப்புத்தாளை ஒட்டி, மேனிஃபோல்டை அதன் மேல் எட்டு வடிவில் தேய்த்தே சரிசெய்யலாம். ஹெட் முகத்தையும் பார்க்க மறக்கக் கூடாது. அது கோணுவது அரிது, ஆனால் புகை அரித்த வாய்க்கால் இருக்கும்.

மேனிஃபோல்டின் ஓரத் துளைகள் ஸ்டட்டைவிட (ஹெட்டில் முளைபோல நிற்கும், நட்டு ஏறும் மரைக் கம்பி) 1 முதல் 1.5 மி.மீ. பெரிதாக இருப்பது விரிவதற்காகத்தான். துருவும் கரியும் அதில் அடைந்திருந்தால் மேனிஃபோல்டு நகர இடமின்றி ஓரத்தில் விரிசல் விடும். துளைகளைச் சுத்தம் செய்யுங்கள். ஸ்டட்டுக்கு நேராக வராவிட்டால் சுத்தியலால் அடித்து ஏற்றாமல் துளையை அரத்தால் சற்றுப் பெரிதாக்குங்கள்.

ஸ்டட்டும் நட்டும்

முழு வேலையிலும் நேரத்தைத் தின்பது இதுதான். முந்தின நாளே ஊடுருவும் எண்ணெய் விட்டு வைக்க வேண்டும். நட்டு அசையாவிட்டால் பலம் காட்டுவதில் பயனில்லை. டீசல் குழாய்களைக் கழற்றி ஒதுக்கி, எண்ணெயைத் துடைத்து, நட்டை மட்டும் சிவக்கக் காய்ச்சி, நிறம் மங்கியதும் முன்னும் பின்னும் கால் கால் சுற்றாக ஆட்டினால் பெரும்பாலும் வந்துவிடும்.

முறிந்த ஸ்டட் 5 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதன் மேல் ஒரு நட்டை வைத்து உட்புறம் வெல்டிங் நிரப்பி, சிவப்பு போய்க் கருத்ததும் திருகுவதுதான் சிறந்த வழி. வெல்டிங் சூடே பாதி வேலையைச் செய்துவிடும். மட்டத்தோடு முறிந்திருந்தால் நடுவில் சரியாகப் புள்ளி குத்தி, 3 மி.மீ. வழிகாட்டித் துளை, பிறகு இடது சுற்று டிரில். பல நேரம் அந்த டிரில்லே துண்டைச் சுழற்றி வெளியே கொண்டுவரும். ‘ஈஸி அவுட்’ என்று விற்கும் கூம்புத் திருகியை இங்கே சிபாரிசு செய்ய முடியாது. துருப்பிடித்த ஸ்டட்டில் அது முறிந்தால், டிரில் ஏறாத கடின எஃகு துளைக்குள் மாட்டிக்கொள்ளும், பெயரில்தான் ஈஸி. மரை கெட்டுப்போனால், எம்10 (10 மி.மீ.) சாதாரண மரைக்கு 10.4 மி.மீ. துளையிட்டுச் சுருள் மரை (கம்பிச் சுருளாலான மாற்று மரை) போடலாம். புதிதாக எம்10 மரை வெட்ட 8.5 மி.மீ. டிரில். சில என்ஜின்களில் இந்தத் துளை தண்ணீர் அறைக்குள் திறக்கும். ஸ்டட் எடுத்ததும் ரேடியேட்டர் நீர் வந்தால் பயப்பட வேண்டாம், திரும்பப் போடும்போது மரைக்கு சீலன்ட் வேண்டும்.

ஸ்டட் வாங்கும்போது ‘துருவே பிடிக்காது’ என்று ஸ்டெயின்லெஸ் எடுப்பது கவர்ச்சியான தவறு. அது வார்ப்பிரும்பைவிட ஒன்றரை மடங்கு விரியும். சூடானதும் பிடி தளரும். மரையும் கடித்துக்கொள்ளும். 8.8 தர எஃகு ஸ்டட், அதன் மேல் நீளமான பித்தளை நட்டு, இதுவே பழகிய கூட்டணி. பித்தளை எஃகு மரையோடு துருப்பிடித்து ஒட்டாது, அடுத்த முறை ஸ்பேனருக்குப் பணிந்து வரும். செம்பு அல்லது நிக்கல் கலந்த ஒட்டாத கிரீஸ் கொஞ்சம் மரையில் தடவலாம். தடவினால் முறுக்கத்தை (நட்டை இறுக்கும் அளவு) ஐந்தில் ஒரு பங்கு குறைக்க வேண்டும்.

முறுக்கத்துக்கு அந்தந்த டிராக்டரின் கையேடுதான் அளவு. பொதுவாக எம்10 எஃகு நட்டுக்கு 35 முதல் 45 நியூட்டன் மீட்டர், பித்தளைக்கு 25 முதல் 30. எல்லா நட்டையும் கையால் உட்கார வைத்துவிட்டு, நடுவிலிருந்து இருபுறமும் ஓரத்தை நோக்கி, மூன்று தவணையாக இறுக்க வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் வளைந்து நிற்கும்.

விரிசல் விட்ட மேனிஃபோல்டு

புது மேனிஃபோல்டு கிடைக்கும் மாடலுக்கு இந்தப் பகுதியே தேவையில்லை, வாங்கிவிடுங்கள். கிடைக்காததற்குத்தான் வெல்டிங். சாதாரண எஃகு ராடால் வார்ப்பிரும்பில் வைத்த ஒட்டு, ஆறும்போதே பக்கத்தில் புது விரிசல் விடும். வாங்க வேண்டியது நிக்கல் ராடு. 99 சதவீத நிக்கல் வகை மென்மையாக இருக்கும், பிறகு தீட்ட வசதி. 55 சதவீத நிக்கல்-இரும்பு வகை பலமானது, கனமான வார்ப்புக்கு ஏற்றது.

மேனிஃபோல்டைக் கழற்றி எடுத்தே செய்ய வேண்டும். விரிசலின் இரு நுனியிலும் 3 மி.மீ. துளை போட்டு அது மேலும் ஓடாமல் நிறுத்தி, கிரைண்டரால் ‘வி’ வடிவில் வெட்டி, முழுவதையும் சூடாக்கி, 2.5 மி.மீ. ராடில் குறைந்த கரன்டில் ஒரு நேரத்தில் 20 முதல் 25 மி.மீ. மட்டும் ஓட்ட வேண்டும். ஒவ்வொரு துண்டையும் சூட்டோடு சின்ன உருண்டை முனைச் சுத்தியலால் தட்டிக்கொடுத்தால் ஆறும்போது வரும் இழுவை குறையும். முடிந்ததும் உலர்ந்த மணலிலோ சாம்பலிலோ புதைத்து இரவு முழுக்க ஆறவிட வேண்டும். பல வருடம் வெந்த வார்ப்பில் ராடு ஒட்டாமல் உருண்டு உருண்டு விழும். கிரைண்டர் பட்ட இடம் பளபளக்காமல் சாம்பல் பொடியாக உதிர்ந்தால் அந்த இரும்பு முடிந்துவிட்டது. பித்தளைப் பற்றவைப்பு கேஸ் வெல்டரிடம் எளிது, நேர்த்தியாகவும் இருக்கும். ஆனால் புகை வாயின் அருகே, அதுவும் பெட்ரோல் என்ஜினில், சூட்டில் பலம் இழக்கும்; வெல்டிங்குக்குப் பதிலாக அதைத்தான் நம்ப வேண்டும் என்றால் சைலன்சர் பக்க ஃபிளாஞ்ச்சோடு (பைப்பை இணைக்கும் தட்டையான விளிம்பு) நிறுத்திக்கொள்ளலாம். எந்த வழியில் ஒட்டினாலும் முகம் கொஞ்சம் கோணும். ஒட்டிய பிறகுதான் மட்டம் தீட்ட வேண்டும், முன்னால் தீட்டினால் இரண்டு செலவு.

மாட்டியபின் வாக்குவம் கிளீனரும் சோப்புத் தண்ணீரும் மறுபடி. பிறகு அரை மணி நேரம் மிதமான பாரத்தில் ஓட்டி, கை வைக்கும் அளவுக்கு ஆறவிட்டு, அதே வரிசையில் அதே முறுக்கத்தில் ஒரு சுற்று. பத்து மணி நேர வேலைக்குப் பின் இன்னொரு சுற்று. முதல் சுற்றில் நட்டுகள் சற்று நகர்வது கேஸ்கட் அமுங்கியதால். இரண்டாவது சுற்றிலும் ஏதாவது ஒரு நட்டு கால் சுற்றுக்கு மேல் போனால் அந்த ஸ்டட் இழுபடுகிறது, அல்லது ஹெட்டில் அதன் மரை கிளம்பி வருகிறது. மேலும் இறுக்காமல் அதை மட்டும் கழற்றிப் பாருங்கள்.